ஒற்றை நந்தியாவட்டை

காலை ஐந்தரை மணிக்கு அம்மா பூப்பறிக்கும் ஓசையில்தான் எனக்கு விழிப்பு வரும். பூப்பறிப்பதற்கு ஓசை உண்டா என்று கேட்கலாம். கிளையை வளைத்து விடும்போது எழும் சலசலப்பு, இரவுப் பனி இலைகளிலிருந்து உதிரும் ஒலி, எவர்சில்வர் கிண்ணத்தைத் திண்ணையில் வைக்கும் ஒலி ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் எங்கள் வீட்டின் சுப்ரபாதம். திண்டிவனத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தது 1994இல். அந்த ஆண்டு அம்மா தன் பிறந்த ஊரான விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, ஈரத்துணியில் சுற்றி ஒரு குச்சி கொண்டுவந்து வாசலின் இடப்புறம் நட்டாள். அதுதான் வளர்ந்து, சுற்றுச்சுவரைத் தாண்டித் தெருவில் போவோர் தலையைத் தொடும் நந்தியாவட்டையாயிற்று.

அடுக்கு நந்தியாவட்டை அன்று, ஒற்றை. ஐந்தே இதழ். அடுக்கு வகை ரோஜாவைப் போலச் செறிந்து, இரவில் நல்ல மணமும் தரும். ஒற்றைக்கு மணம் மிகக் குறைவு. அம்மாவிடம் ஒருமுறை, “அடுக்கு வைத்திருக்கலாமே” என்றேன். “சாமிக்கு ஒத்தைதான் வெளிச்சம்” என்றாள். அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

இந்தப் பூவைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்றாண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தமிழ் இலக்கியம் படித்தவனுக்குப் பூவைப் பற்றி எழுதுவது எளிது. மேற்கோள்கள் தாமே வந்து நிற்கும். அந்த எளிமையே எனக்குத் தடையாக இருந்தது. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். முதலில் பூவைப் பற்றி.

*

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களுள் ‘நந்தி’ என்பதும் ஒன்று. அதை நந்தியாவட்டை என்று உரைகாரர்கள் கொள்கிறார்கள். அருவியாடிய தலைவியும் தோழியும் பூக்களையெல்லாம் பறித்து வந்து பாறைமேல் குவிக்கும் காட்சி அது. அங்கே எந்தச் சாமியும் இல்லை, விளையாட்டும் மகிழ்ச்சியும்தான். கபிலருக்கும் எங்கள் பகுதிக்கும் ஓர் உறவு உண்டு. பாரி மறைந்தபின் அவன் மகளைக் கரைசேர்த்துவிட்டுக் கபிலர் உயிர்விட்ட செய்தியைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. தென்பெண்ணையாற்றுக்கு நடுவே நிற்கும் கபிலர் குன்றை இன்றும் காட்டுகிறார்கள். 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரியும்வரை அந்த ஊர் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

நந்தியாவட்டை என்னும் பெயரைக் கேட்டதும் பலருக்குச் சிவபெருமானின் காளை நினைவுக்கு வரும். வடமொழியில் அது நந்தியாவர்த்தம். நந்தி என்றால் மகிழ்ச்சி. ஆவர்த்தம் என்றால் சுழல். சமணத்திலும் பௌத்தத்திலும் இப்பெயரில் ஒரு மங்கலக் குறியே உண்டு. பூவை மேலிருந்து உற்றுப் பார்த்தால் பெயர்க்காரணம் புரியும். ஐந்து இதழும் ஒரே பக்கமாகத் திருகியிருக்கும். சிறுவர்கள் ஓலையில் செய்யும் காற்றாடியைப்போல. ஒரு செடியில் ஆயிரம் பூத்தாலும் அத்தனையும் ஒரே திசையில்தான் திரும்பியிருக்கும்.

லின்னேயஸ் 1753இல் இச்செடிக்குப் பெயரிட்டபோது அரளியின் பேரினத்தில் சேர்த்தார். பின்னர் வந்தவர்கள் பிரித்து, பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ஒருவரின் நினைவாக அமைந்த ‘டேபர்னேமொன்டானா’ என்னும் பேரினத்தில் வைத்தார்கள். ஆனாலும் குடும்பம் ஒன்றுதான். கிளையை ஒடித்தால் அரளியைப் போலவே வெள்ளைப் பால் வடியும். ‘டைவேரிகேட்டா’ என்னும் இரண்டாம் பெயர், கவைகவையாகப் பிரிந்து விரியும் கிளைகளைக் குறிப்பது. அம்மா பூப்பறிக்க வளைக்கும் அந்தக் கவைகளை எங்கோ இருந்த ஒருவர் கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

*

எங்கள் வீட்டில் நந்தியாவட்டையை யாரும் தலையில் சூடுவதில்லை. மல்லியும் கனகாம்பரமும் தலைக்கு, நந்தியாவட்டை சாமிக்கு. மணம் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். சைவ மரபில் சிவபூசைக்குச் சிறந்தவையாக எட்டுப் பூக்களைச் சொல்வார்கள்: புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை. அட்டபுட்பம் என்பது இதன் பெயர். நீலோற்பலத்துக்கும் செந்தாமரைக்கும் குளம் வேண்டும். புன்னைக்கும் பாதிரிக்கும் இடம் வேண்டும். இந்த எட்டனுள், ஒரு முழ அகல வாசல் மண்ணில், யாரும் பராமரிக்காமலே ஆண்டு முழுதும் பூப்பது நந்தியாவட்டையும் அரளியுமே. ஏழை வீட்டுச் சாமிக்கும் நாள் தவறாமல் பூக்கிடைத்ததற்கு இவ்விரண்டும் காரணம்.

பூப்பறிப்பதற்கென்று விதிகள் உண்டு. கமலை ஞானப்பிரகாசர் பதினாறாம் நூற்றாண்டில் ‘புட்பவிதி’ என்று ஒரு தனிநூலே இயற்றியிருக்கிறார். அம்மா அதைப் படித்தவள் அல்லள்; ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அதன் சாரமெல்லாம் அவள் கையில் இருந்தது. மொட்டைக் கிள்ளக் கூடாது. பவழமல்லியைத் தவிர வேறெதையும் தரையிலிருந்து எடுக்கக் கூடாது. முந்தானையில் கட்டக் கூடாது. செடியை வெறுமையாக்கக் கூடாது. நான்கு பூவாவது செடியிலே விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முகர்ந்து பார்க்கக் கூடாது.

பூவை முகர்ந்ததற்காகத் திருவாரூரில் ஓர் அரசியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அரிந்ததையும், அவள் கணவரான கழற்சிங்கர் பூவை எடுத்த கைதானே முதற்குற்றவாளி என்று அதையும் வெட்டியதையும் சேக்கிழார் பாடியிருக்கிறார். ஆண்டுதோறும் வகுப்பில் இந்த இடம் வரும்போது மாணவிகளின் முகம் மாறும். அவர்களிடம் நான் சமாதானம் எதுவும் சொல்வதில்லை. என் சிறுவயதில் அம்மா இந்தக் கதையைச் சொல்லி அச்சுறுத்தியபோது, “நல்லவேளை, நம் வீட்டுப் பூவுக்கு வாசனையே இல்லை” என்று நான் மூக்கைத் தடவிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

கல்வெட்டுகளில் திருநந்தவனத்துக்கு விடப்பட்ட நிலங்களையும், அங்கே பூப்பறித்துத் திருப்பள்ளித்தாமம் தொடுத்தவர்களுக்கு அளந்த நெல்லையும் பற்றி நிறையச் செய்திகள் கிடைக்கின்றன. கோயிலுக்கு அது ஒரு நிருவாகம். வீட்டில் அது ஒருத்தியின் விடியற்காலம். நிவந்தம் இல்லை, நெல் இல்லை. முப்பதாண்டுகள் ஒருநாளும் தவறாமல் நடந்த அந்த வேலையை வேலை என்றே வீட்டில் ஒருவரும் எண்ணியதில்லை.

*

நந்தியாவட்டைக்கு இன்னொரு பெருமை உண்டு. அது கண்ணுக்கான பூ. கண் நோய்களுக்கு இப்பூவைச் சித்த மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. கோடையில் கண் எரிந்தால் நாலைந்து பூவைத் தண்ணீரில் போட்டு வைத்து, மூடிய இமைமேல் ஒற்றிக்கொள்வது எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். விடைத்தாள் திருத்தும் மாதங்களில் நானும் செய்துகொண்டிருக்கிறேன். குளிர்ச்சி உண்மை, இதம் உண்மை. அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

இதை நான் வகுப்பில் விரிவாகச் சொல்வேன். கபிலரின் நந்தியில் தொடங்கி, அட்டபுட்பத்துக்கு வந்து, கண் மருத்துவத்தில் முடிப்பேன். ‘காட்டில் விளையாட்டுப் பூ, கோயிலில் பூசைப் பூ, வீட்டில் மருந்துப் பூ’ என்று ஓசையோடு சொன்னால் மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். ஒருமுறை ஓர் இலக்கிய அமைப்பின் கூட்டத்திலும் இதையே பேசிக் கைத்தட்டல் வாங்கினேன். பேச்சின் முடிவில், “நம் முன்னோர் கண் மருத்துவமனையை வாசலிலேயே நட்டு வைத்தார்கள்” என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

2021ஆம் ஆண்டின் நடுவில் அம்மா, “கண்ணு மங்கலா இருக்குப்பா” என்றாள். பெருந்தொற்றுக் காலம், மருத்துவமனை என்றாலே அச்சம். “புரை வளருதும்மா. முற்றட்டும், எடுத்துடலாம்” என்றேன். புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்பது பழங்காலத்து நம்பிக்கை, இன்றைய அறுவை மருத்துவத்துக்கு அது தேவையில்லை என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதோடு, “பூவை ஒற்றிக்கோம்மா, குளிர்ச்சியா இருக்கும்” என்றும் சொன்னேன். அவள் ஒற்றிக்கொண்டாள். “இப்ப தேவலை” என்றாள். நானும் தேவலை என்று எடுத்துக்கொண்டேன்.

தொற்றுக் காலம் தணிந்தது. கல்லூரி திறந்தது. காலையில் திண்டிவனத்தில் ரயிலேறி, மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று விழுப்புரத்தில் இறங்கினால் முக்கால் மணி நேரம். மாலையில் அதே வழியில் திரும்பி வந்தால் தேர்வு, கருத்தரங்கம், மதிப்பீட்டுக் குழுவின் தாள்கள். அம்மாவின் கண் பற்றிய பேச்சு அவ்வப்போது எழும், அடங்கும்.

எங்கள் பூசையறை ஒரு நீண்ட மரத்தட்டு. வலப்புறத்திலிருந்து பிள்ளையார், அண்ணாமலையார், மயிலம் முருகன், மேல்மலையனூர் அங்காளம்மன் என்று வரிசையாகப் படங்கள். சற்று விலகி, இடக்கோடியில் அப்பாவின் படம். 2009இல் அப்பா மறைந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் பூசை முடிந்தபின் கடைசி நந்தியாவட்டை அந்தப் படத்துக்குப் போகும். 2022 மார்கழியில் ஒருநாள் அப்பாவின் படத்தில் பூ இல்லாததைக் கண்டேன். மறந்திருப்பாள் என்று நானே ஒன்றை எடுத்து வைத்தேன். சில நாள் கழித்துப் பார்த்தபோதும் இல்லை. பூ அந்தப் படத்தின் கீழே தரையில் கிடந்தது. அங்காளம்மன் படத்தின் இடப்பக்கச் சட்டத்திலும் பூ இல்லை. இருந்த பூக்களெல்லாம் வலப்புறமாக ஒதுங்கியிருந்தன. பிள்ளையாருக்கு மட்டும் குவியலாக இருந்தது.

வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். சங்கப் பாடலில் ஒரு சொல் இடம் மாறியிருந்தால் பாடபேதம் தேடி நான்கு பதிப்புகளைப் புரட்டுகிறவன், என் வீட்டுப் பூசைத்தட்டில் பூ இடம் மாறியதைப் பார்த்தும் படிக்கவில்லை.

*

தை மாதம் அம்மா வாசற்படியில் இடறி விழுந்தாள். பெரிய அடி இல்லை. “நிலைக்கதவு எங்கிருந்தோ வந்து இடிச்சுது” என்றாள். அதன்பிறகுதான் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றேன்.

மருத்துவமனையில் ஓர் இயந்திரத்தின் முன் அமரவைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்ற எனக்குப் பொத்தானின் ஓசை மட்டும் கேட்டது. நெடுநேரம் ஓசையே இல்லாத இடைவெளிகள் இருந்தன. பின்னர் மருத்துவர் ஒரு தாளைக் காட்டினார். பார்வைப் பரப்பின் வரைபடம். இடக்கண்ணுக்கு உரிய வட்டம் ஏறக்குறைய முழுதும் கறுப்பு. வலக்கண்ணுக்கு நடுவில் மட்டும் ஒரு சிறு வெளிச்சம், சுற்றிலும் கறுப்பு. அந்தத் தாளைப் பார்த்ததும் எங்கள் பூசைத்தட்டுதான் எனக்கு நினைவு வந்தது. அதே வரைபடத்தை அம்மா ஒரு மாதமாக ஒவ்வொரு காலையும் பூவால் வரைந்து வைத்திருந்தாள்.

நோயின் பெயர் கிளாக்கோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய். கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கும். பெரும்பாலோர்க்கு வலி இருக்காது. முதலில் போவது ஓரப் பார்வை. நடுப்பார்வை கடைசிவரை இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. போன பார்வையை எந்த மருந்தும் எந்த அறுவையும் மீட்டுத் தராது. இருப்பதைக் காக்கத்தான் முடியும். புரை வேறு, இது வேறு. புரையை எடுத்தால் பார்வை திரும்பும். இதற்குத் திரும்புதல் என்பதே இல்லை. இவ்வளவையும் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்.

“வீட்டில் ஏதாவது கண்ணில் விட்டீர்களா?” என்று கேட்டார். அம்மா பூவைச் சொன்னாள். சாறு பிழிந்து விட்டதில்லை, இமைமேல் ஒற்றியது மட்டும்தான் என்றதும் அவர் தலையசைத்தார். இலைச்சாறும் பூச்சாறும் விட்டுக் கருவிழியில் புண்ணோடு வருகிறவர்கள் உண்டு. நந்தியாவட்டையின் பால் கண்ணில் படவே கூடாது என்றார். பிறகு, “பூ ஒன்றும் கெடுக்கவில்லை அம்மா. பூவால் ஆகக்கூடிய நோய் இல்லை இது. நாள்தான் போய்விட்டது” என்றார்.

அவர் சொன்னது அம்மாவிடம். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

*

அந்த ஆண்டு பங்குனியில் அம்மா திருவாமாத்தூருக்குப் போக வேண்டும் என்றாள். விழுப்புரத்திலிருந்து ஏழு கிலோமீட்டருக்குள், பம்பையாற்றங்கரையில் உள்ள தேவாரத் தலம். மூவரும் பாடியது. பசுக்கள் தவமிருந்து கொம்பு பெற்ற இடம் என்பது தலபுராணம். அபிராமேசுவரர் கிழக்கு நோக்கி. எதிரே தனிக்கோயிலில் முத்தாம்பிகை மேற்கு நோக்கி. ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்கும் கோயில்கள்.

பேருந்தில் அம்மா மடியில் பூக்கிண்ணத்தை வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ஊரைப் பற்றிப் படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து வருத்தியது. அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, கோயிலில் திருப்பதியம் பாடப் பார்வையற்றோர் பதினாறு பேரை அமர்த்தியதையும், அவர்களுக்கு வழிகாட்டக் ‘கண்காட்டுவார்’ இருவரை வைத்ததையும் சொல்கிறது. பதினாறு பேருக்கு இரண்டு பேர். நான் ஒரே ஒருத்திக்குக் கண்காட்டுவானாக இருந்திருக்கலாம்.

இரட்டைப் புலவர்களும் நினைவுக்கு வந்தார்கள். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஊர் ஊராகப் போனவர்கள். திருவாமாத்தூர்க் கலம்பகம் அவர்கள் பாடியது. கோயில் இருக்கும் கரையை மாற்றிப் பாடிவிட்டார்கள் என்று கேட்டவர்கள் குறைசொல்ல, இரவோடு இரவாக வெள்ளம் வந்து பம்பையாறே தடம் மாறி அவர்கள் பாட்டை மெய்யாக்கியது என்று ஒரு கதை உண்டு. பாட்டுக்காக ஆறு தடம் மாறும் என்று நம்ப எனக்கும் ஆசைதான். நரம்பு தடம் மாறாது.

இன்னும் சிறிது தொலைவில் திருவெண்ணெய்நல்லூர். மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை ஓலை காட்டித் தடுத்து இறைவன் ஆட்கொண்ட ஊர். பூவிட்டுச் செய்யும் அருச்சனைக்குப் பதிலாக உன் பாட்டே எமக்கு அருச்சனை என்று இறைவன் அவரிடம் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார். அந்தச் சுந்தரர்தான் பின்னொருநாள் சங்கிலியாருக்குச் செய்த சூளுறவை மீறித் திருவொற்றியூரைத் தாண்டியபோது இரு கண்ணும் இழந்தார். காஞ்சியில் ஒன்றும் ஆரூரில் ஒன்றுமாக மீளப் பெற்றார். சொல் தவறியவர் கண் போயிற்று என்பது புராணம். எங்கள் வீட்டில் சொல் தவறியவன் நான். கண் போனது அம்மாவுக்கு.

திருவாமாத்தூரில் வட்டப்பாறை என்று ஒன்று உண்டு. வழக்கு வந்தால் அங்கே நிறுத்திச் சத்தியம் வாங்குவார்கள். அங்கே பொய் சொன்னவர் தப்ப முடியாது என்பது ஊரார் நம்பிக்கை. தம்பிக்குச் சேர வேண்டிய பொன்னைக் கைத்தடியின் துளைக்குள் மறைத்து, தடியைத் தம்பியிடமே பிடிக்கக் கொடுத்துவிட்டு, “என் கையில் ஒன்றும் இல்லை” என்று சத்தியம் செய்த அண்ணனின் கதையைச் சொல்வார்கள். அவன் சொன்ன சொல்லில் பொய் இல்லை. அப்படியும் பாம்பு அவனை விடவில்லை.

அம்மா அங்கே நின்றாள். என் முழங்கையைப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

“ஏம்பா, மொதல்ல சொன்னப்பவே போயிருந்தா கண்ணு நின்னிருக்குமா?”

‘வயசானா எல்லாருக்கும் வர்றதுதாம்மா’ என்று ஒரு விடை நாக்கின் நுனியில் இருந்தது. அதிலும் பொய் இல்லை. துளையுள்ள தடி அது. மருத்துவர்கூடத் திட்டமாகச் சொல்ல முடியாதுதான் என்றும் சொல்லியிருக்கலாம்.

“இப்ப போனதுல பாதியாவது நின்னிருக்கும்மா. நான்தான் கூட்டிக்கிட்டுப் போகலை” என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். கிண்ணத்தின் மேல் மூடியிருந்த ஈரத்துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

“சரி, வா. பூ வாடுது” என்றாள்.

அட்டபுட்பத்தைப் போலவே அகப்பூசைக்கும் எட்டு மலர்கள் உண்டு என்று சைவ நூல்கள் சொல்லும். கொல்லாமை, பொறுமை, இரக்கம், ஐம்பொறியடக்கல், அறிவு, தவம், வாய்மை, அன்பு. தேர்வுக்காக மனப்பாடம் செய்த பட்டியல் அது. அதற்குள் வாய்மையும் பொறுமையும் தனித்தனிப் பூக்களாக வைக்கப்பட்டிருப்பதை அன்று திரும்பி வரும் பேருந்தில்தான் நினைத்துப் பார்த்தேன்.

*

இப்போது அம்மாவுக்கு நாள்தோறும் சொட்டு மருந்து. இரவுச் சொட்டு என் பொறுப்பு. நான் தவறவிடுவதில்லை. வலக்கண்ணில் எஞ்சிய பார்வை குறையாமல் நிற்கிறது. பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்பு மிகுதி என்றும், நாற்பது கடந்தவர்கள் கண்ணழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னதால், நானும் ஆண்டுக்கு ஒருமுறை அந்த இயந்திரத்தின் முன் அமர்ந்து பொத்தானை அழுத்துகிறேன். இதைப் படிப்பவர்களில் நாற்பது கடந்தவர்கள் ஒருமுறை போய்வாருங்கள். கண்ணாடியின் பவர் பார்க்கும் கடையில் இது தெரியாது. கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

வகுப்பில் குறிஞ்சிப்பாட்டை இன்னும் நடத்துகிறேன். நந்தி வரும், அட்டபுட்பம் வரும், இமைமேல் ஒற்றிக்கொள்ளும் குளிர்ச்சியும் வரும். அதன்பின் அம்மாவின் கதையும் வரும். அந்த ஓசைநயமிக்க வாக்கியம் மட்டும் வருவதில்லை.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை. எங்கள் தெரு முழுதும் தண்ணீர். விடிந்து பார்த்தபோது முப்பது வயது நந்தியாவட்டை வேரோடு சாய்ந்து கிடந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவளே, “சத்தம் கேட்டுது. விழுந்துடுச்சா?” என்றாள்.

தண்ணீர் வடிந்ததும் அவளை வெளியே அழைத்து வந்தேன். சாய்ந்த கிளைகளைத் தடவித் தடவிப் பார்த்து, “இது, இது, இது” என்று விரல் தடிமனில் மூன்று குச்சிகளைத் தேர்ந்து காட்டினாள். வெட்டிய இடத்தில் பால் வடிந்தது. “கண்ணுல கையை வெச்சுடாதே” என்றாள் என்னிடம். பழைய செடி நின்ற இடத்திலேயே மூன்றையும் நட்டேன். இரண்டு பட்டுப்போயின. ஒன்று துளிர்த்தது, அடுத்த ஆண்டு ஆடி பிறப்பதற்குள் பூக்கவும் தொடங்கியது.

இன்று அம்மா விரலால்தான் பூப்பறிக்கிறாள். இதழின் திருகலைத் தொட்டால் பூ. கூராகத் தட்டுப்பட்டால் மொட்டு. மொட்டை விட்டுவிடுகிறாள். இருட்டு விலகும் முன் அந்தச் செடியில் வேறொன்றும் தெரியாது, வெள்ளைப் பூ மட்டும் மினுங்கும். மீந்த வலக்கண்ணின் நடுவில் அது தனக்கும் தெரிகிறது என்கிறாள். ஒற்றைதான் வெளிச்சம் என்று அவள் சொன்னதன் பொருள் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பூசை முடிந்ததும் அவள் கையைப் பிடித்து இடக்கோடிக்குக் கொண்டுபோகிறேன். அப்பாவின் படத்துக்கு அவளே பூ வைக்கிறாள்.